பெயரும் பயனும்

நன்றியறிதல் ஓர் அறம் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. வள்ளுவர் அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்துள்ளார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்பது ஊரார் வாய்மொழி. ஆயின், இவ்வறத்தைப் பற்றிப் பேசும்போது நம் மனக்கண்முன் தோன்றும் காட்சி பெரும்பாலும் ஒன்றேயாகும். ஒருவர் கொடுக்கின்றார், மற்றொருவர் பெறுகின்றார், இருவரும் ஒருவரையொருவர் அறிவர். உப்பிட்டவர் இன்னார் என்பது உண்டவனுக்குத் தெரியும். கொடுத்தவரின் முகமோ பெயரோ தெரியாதபோது, அவர் கடல்கடந்த ஒரு நாட்டிலே வாழ்ந்து நாம் பிறப்பதற்கு முன்னரே மறைந்துவிட்டபோது, இக்கடன் நிற்குமா? நிற்குமாயின் அதனை எவரிடம், எவ்வாறு தீர்ப்பது? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது வெறும் ஏட்டு வினா அன்று. இன்று நோயுற்று மருந்துண்டு பிழைக்கும் ஒவ்வொருவரும் தாம் பெயரறியாத பலருடைய உழைப்பினாலேயே பிழைக்கின்றனர். ஒலுவிலிலோ நிந்தவூரிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு தாய் தன் பிள்ளையின் குருதிப் புற்றுநோய்க்கெனப் பெறும் மாத்திரையும், அயல்வீட்டு முதியவர் தமது தோல்நோய்க்கென வாரத்துக்கு ஒருநாள் விழுங்கும் மாத்திரையும் ஒரே மருந்தாக இருத்தல் கூடும். மெதோட்ரெக்சேட் என்பது அதன் பெயர். அம்மருந்தின் வரலாற்றைப் பின்தொடர்ந்து செல்வோமாயின், சென்னையிலே கல்வி பயின்ற ஒரு மருத்துவ விஞ்ஞானியிடம் சென்று சேர்வோம். அவர் பெயரை அந்தத் தாய் அறியார்; அந்த முதியவரும் அறியார். மருந்தை எழுதிக் கொடுத்த வைத்தியர் அறிந்திருப்பார் என்பதும் உறுதியன்று.

எல்லப்பிரகட சுப்பாராவ் 1895 ஆம் ஆண்டு ஜனவரி மாதம், அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்திலே பிறந்தவர். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர். அவருடைய சகோதரர் இருவர் ஸ்ப்ரூ எனப்படும் வெப்பமண்டலக் குடல்நோயினால் மாண்டனர். உண்ட உணவின் சத்து உடலிற் சேராது, மனிதனை மெலிவித்துக் கொல்லும் நோய் அது. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயிலுங்கால் காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுச் சத்திரசிகிச்சைக் கூடத்திலும் கதராடை அணிந்தமையால், அவர் ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளானார். முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிட்டியது. சில காலம் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்தபின், 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரை அடைந்து, ஹார்வாட் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். வயிற்றுப்பாட்டுக்காக வைத்தியசாலையொன்றில் இரவிலே சிற்றூழியம் புரிந்தார்.

அங்கே சைரஸ் பிஸ்க் என்னும் உயிர் இரசாயன அறிஞருடன் இணைந்து அவர் ஆற்றிய பணி மூன்று படிகளாக அமைந்தது. குருதி முதலிய உடற்பாய்பொருள்களிலே பொசுபரசு எவ்வளவு உள்ளது என்பதை, தோன்றும் நீலநிறத்தின் செறிவைக்கொண்டு கணிக்கும் முறையை 1925 இல் இருவரும் வெளியிட்டனர். பிஸ்க்-சுப்பாராவ் முறை என அது இன்றும் ஆய்வுகூடங்களிலே வழங்குகின்றது. அந்த அளவுகோலைக் கையிற்கொண்டு தசையை ஆராய்ந்தபோது, பொசுபோகிரியேற்றின் என்ற பொருள் 1927 இல் வெளிப்பட்டது. பின்னர் 1929 இல் ஏ.டி.பி. எனச் சுருக்கமாக வழங்கும் அடினோசின் முப்பொசுபேற்றை அவர்கள் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டிலே ஜெர்மனியிற் கார்ல் லோமன் என்பாரும் அதனைத் தனியாகக் கண்டறிந்தார் என்பது ஈண்டுக் குறிப்பிடற்பாலது.

உயிர்க்கலம் தொழிற்படுவதற்கான சக்தியை வழங்கும் நாணயம் ஏ.டி.பி. என்பது பாடசாலை மாணவரும் அறிந்த செய்தி. அதற்கு இன்னொரு பணியும் உண்டு என்பது பிற்காலத்திலேயே தெரியவந்தது. கலங்கள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் சமிக்ஞைகளை எடுத்துச் செல்வதற்கும் அதுவே பொருள் உதவுகின்றது. இதனை விளங்கிக்கொள்ள நமது பிரதேசத்து வயல்களை நோக்கலாம். வாய்க்காலில் நீர் இருப்பதால் மட்டும் வயலுக்கு நீர் பாய்ந்துவிடுவதில்லை. எந்த வயலுக்கு எப்போது விடுவது, எப்போது நிறுத்துவது என வட்டவிதானையார் அறிவிக்க வேண்டும். அச்சொல் ஒருவர் வாயிலாக மற்றொருவரைச் சென்றடைய வேண்டும். ஈற்றிலே ஒரு கதவு திறக்கவோ மூடவோ வேண்டும். கலத்தின் மேற்பரப்பை ஓர் ஓமோன் வந்து தொடும்போதும் இத்தகையதொரு தொடர் நிகழ்கின்றது. உள்ளிருக்கும் நொதியமொன்று ஏ.டி.பி. யிலிருந்து ஒரு பொசுபேற்றைக் கழற்றி ஒரு புரதத்திற் பொருத்துகின்றது. பொருத்தப்பட்ட புரதம் விழித்தெழுந்து அடுத்ததைத் தூண்டுகின்றது. இவ்வாறு சென்ற செய்தி கருவை அடைந்து 'பிரிந்து பெருகு' என்றோ 'நில்' என்றோ கட்டளையாக முடிகின்றது. பொசுபேற்றைப் பொருத்துவதும் கழற்றுவதுமே புரதங்களை ஆளும் வழி என்பதை 1950களில் எட்மண்ட் பிஷரும் எட்வின் கிரெப்ஸும் கண்டறிந்தனர். அதற்காக 1992 இல் அவர்களுக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

புற்றுநோய் என்பது பெரும்பாலும் இச்சமிக்ஞைத் தொடரில் நேரும் கேடு. திறந்த கதவு மூடாது நின்றுவிட, 'நில்' என்ற சொல் வந்தும் கேளாத கலங்கள் பெருகிக்கொண்டே போகின்றன. 2001 இல் பாவனைக்கு வந்த இமற்றினிப் போன்ற மருந்துகள், பழுதுற்ற நொதியத்திலே ஏ.டி.பி. வந்தமரும் இடத்தை அடைத்து அப்பெருக்கத்தை நிறுத்துகின்றன. சுப்பாராவ் இவற்றை எல்லாம் கண்டவர் அல்லர். கலங்கள் பேசும் முறையைக் கண்டோர் வேறு பலர். அவர்கள் கைக்கொண்ட அளவுகோலும், அவர்கள் ஆராய்ந்த பொருளும் அவர் கைப்பட்டு வந்தவை என்பதே உண்மை.

ஹார்வாட்டிலே நிரந்தரப் பதவி கிட்டாமையால் 1940 இல் சுப்பாராவ் லெடர்லி என்னும் மருந்து நிறுவனத்தின் ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். அவர் தேடியது குருதிச்சோகையைத் தீர்க்கும் ஒரு சத்தினை. அத்தேடலுக்கு வழிகாட்டியவர் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் வைத்தியர். பம்பாயிலே வறிய கர்ப்பிணிகளிடத்து அவர் கண்ட ஒருவகைக் குருதிச்சோகை, மதுவத்திலிருந்து செய்யப்படும் மாமைட்டினாற் குணமடைவதை 1931 இல் அறிவித்தார். நமது விடுதி மாணவர் காலையிற் பாணிற் பூசி உண்ணும் அதே மாமைட்டுத்தான். அதிலிருந்த சத்துப் போலிக்கமிலம் எனப் பின்னர் அறியப்பட்டது. சுப்பாராவின் தலைமையில் இயங்கிய லெடர்லி ஆய்வாளர் குழு 1945 இல் அதனைச் செயற்கையாக ஆக்குவதில் வெற்றி கண்டது. அதே நிறுவனத்திலே பெஞ்சமின் டுக்கர் கண்டறிந்த ஓரியோமைசின் 1948 இல் அறிவிக்கப்பட்டது. போலிக்கமிலமும் அந்த ஓரியோமைசினை உள்ளடக்கிய ரெற்றாசைக்கிளின் வகை மருந்துகளும், சுப்பாராவின் சகோதரரைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்குப் பிற்காலத்திலே சிகிச்சையாக அமைந்தன. அவர்களுக்கு அவை பிந்திவிட்டன, ஏனையோருக்குப் பிந்தவில்லை.

இதுவரை கூறியது கொடுத்தவரின் கதை. இனிவரும் பகுதி வேறொரு வகையினரைப் பற்றியது. நமது வினா கடினமாவதும் அவர்களிடத்தேயாம்.

பொஸ்டன் சிறுவர் வைத்தியசாலையிலே சிட்னி பார்பர் என்ற நோயியல் அறிஞர், குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குப் போலிக்கமிலத்தை ஒத்த சேர்வைகளை முதலிற் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, என்புமச்சையிலே அது விரைவுற்றதாகவே தோன்றியது. அந்தத் துயரமான அவதானிப்பிலிருந்தே அடுத்த எண்ணம் பிறந்தது. போலிக்கமிலம் நோயை வளர்க்குமாயின், அதன் உருவை ஒத்திருந்து அதன் தொழிலைத் தடுக்கும் ஒரு பொருள் நோயை ஒடுக்கலாம் அன்றோ? அத்தகைய பொருள்கள் சுப்பாராவின் ஆய்வுகூடத்திலே ஆக்கப்பட்டிருந்தன. அவற்றுள் அமினோப்டெரின் என்பதைப் பார்பர் 1947 இன் இறுதியிற் கொடுக்கத் தொடங்கினார். 1948 ஜூனில் வெளியான அறிக்கையின்படி பதினாறு குழந்தைகளுள் பத்துப் பேரிடம் முன்னேற்றம் காணப்பட்டது. அம்முன்னேற்றம் நிலைக்கவில்லை. தற்காலிகத் தணிவு என்றே அவ்வறிக்கையின் தலைப்பும் கூறிற்று. மருந்தினால் வாய்ப்புண் முதலிய துன்பங்களும் நேர்ந்தன. இன்று வளர்ச்சியடைந்த நாடுகளிலே, சிறுவரைப் பீடிக்கும் குருதிப் புற்றுநோயின் முதன்மையான வகைக்கு உள்ளாவோருட் பத்தில் ஒன்பது பேரளவிற் பிழைக்கின்றனர். அமினோப்டெரினின் உடன்பிறப்பாகிய மெதோட்ரெக்சேட் அச்சிகிச்சையிலே இன்றும் ஓர் அங்கமாகும்.

அந்தக் குழந்தைகளுக்கு நாம் என்ன பெயர் இடுவது? கொடையாளர் எனலாமா? கொடை என்பது மனமுவந்து கொடுப்பது. மூன்று வயதுக் குழந்தை எதனையும் உவந்து கொடுக்கவில்லை. தன்மீது நிகழ்வது யாதென்றே அது அறியாது. மனிதரை ஆராய்ச்சிக்கு உட்படுத்துங்கால் அவர்தம் சுயவிருப்பமான இசைவு இன்றியமையாதது என்ற நியூரம்பேர்க் விதிகள் 1947 ஆகஸ்டில் வெளியிடப்பட்டிருந்தன. இசைவளிக்க இயலாத குழந்தைகளின் நிலை பற்றித் தெளிவான நெறி அப்போது இருக்கவில்லை. 1964 இன் ஹெல்சிங்கிப் பிரகடனமும் அதன் பின்வந்த திருத்தங்களுமே அவ்விடைவெளியைச் சிறிது சிறிதாக நிரப்பின.

பார்பரின் செயலுக்கு நியாயம் இல்லாமல் இல்லை. மருந்தில்லாதிருந்தால் அக்குழந்தைகள் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்திருப்பர். அவர் நாடியது அவர்களின் நலத்தையே. எனினும் முதலிற் கொடுத்த சேர்வை நோயை விரைவுபடுத்திற்று என்ற செய்தி, சிகிச்சையில் நேர்ந்த ஒரு தோல்வி மட்டுமன்று. அதுவே அடுத்த வெற்றிக்கான அறிவுமாயிற்று. அவ்வறிவின் விலையைச் செலுத்தியவர்கள் அதன் பயனை நுகரவில்லை. பயனை நுகர்வோர் விலையைச் செலுத்தவில்லை. மருத்துவ மரபுப்படி அவர்களுடைய பெயர்களும் அறிக்கையில் இல்லை. ஆகவே, நன்றியறிதலைக் கொடுப்போர்க்கும் பெறுவோர்க்கும் இடையிலான மனநெகிழ்வாக மட்டும் கருதுவோமாயின் இக்குழந்தைகள் அதனுள் அடங்கார். கேளாது எடுத்துக்கொண்ட பொருளுக்கு நாம் கூறுவது நன்றி மட்டுமாக இருக்க முடியாது. அது திருப்பிச் செலுத்த வேண்டிய கடன். செலுத்தப்பட வேண்டியவர் இல்லாது போயினும் கடன் கடனே.

இனித் தோல்நோயின் பக்கம் வருவோம். 1951 இல் அமெரிக்க வைத்தியரான ரிச்சர்ட் கப்னரும் அவர் குழுவினரும் மூட்டுவாத நோயாளருக்கு அமினோப்டெரினைக் கொடுத்து நோக்கியபோது, எதிர்பாராத ஒன்றைக் கண்டனர். சொரியாசிஸ் என்னும் தோல்நோயும் உடனிருந்தோரிடம் அந்நோய் தணிந்தது. சித்த வைத்தியர் காளாஞ்சகப்படை எனக் கூறும் நோய் இது. இயல்பாக ஏறத்தாழ ஒரு மாதத்திற் புதுப்பிக்கப்படும் மேற்றோல், இந்நோயிலே சில நாள்களிற் புதுப்பிக்கப்பட்டு, வெள்ளிச் செதில்களாக அடுக்கடுக்காய் எழுகின்றது. உடலின் நிர்ப்பீடனக் கலங்கள் பிழையாக அனுப்பும் சமிக்ஞைகளே இதற்குக் காரணம். புற்றுநோய்க்கு மிகுந்த அளவிற் கொடுக்கப்படும் மெதோட்ரெக்சேட் கலப்பிரிவையே தடுக்கின்றது. சொரியாசிசுக்கு வாரம் ஒருமுறை சிறிதளவிற் கொடுக்கும்போது அடினோசின் என்னும் பொருள் கலங்களுக்கு வெளியே பெருகி, கொதித்தெழுந்த நிர்ப்பீடனக் கலங்களைத் தணிவிக்கும் சமிக்ஞையாக அமைகின்றது என்பதே ஆய்வாளர் இன்று தரும் விளக்கங்களுள் முதன்மையானது. அடினோசின், சுப்பாராவ் 1929 இற் பிரித்தெடுத்த ஏ.டி.பி. யின் உடற்பகுதியே. இம்மருந்தின் பக்கவிளைவைக் குறைப்பதற்கென உடன் கொடுக்கப்படுவதும் போலிக்கமிலமே. வாரத்துக்கு ஒருமுறை உண்ண வேண்டியதை நாள்தோறும் உண்டு உயிரிழந்தோரும் உலகில் உளர். ஆதலால், வைத்தியர் குறித்த அளவைத் தவறாது பேணுதல் இம்மருந்திலே உயிர்ப் பிரச்சினையாகும்.

இவ்வளவும் அறிந்தபின் முதல் வினாவுக்கு மீள்வோம். கடன் உண்டு என்ற கூற்றுக்கு எதிராக இரண்டு வாதங்கள் எழலாம்.

முதலாவது, விஞ்ஞானி தம் தொழிலைச் செய்து ஊதியம் பெற்றார். மருந்தை விற்ற நிறுவனம் இலாபம் பெற்றது. நாமோ நமது அரசோ விலை கொடுத்து வாங்கினோம். கணக்கு அத்துடன் முடிந்தது என்பது. இவ்வாதம் விலைக்கும் மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை மறக்கின்றது. மாத்திரைக்கு விலை உண்டு. அதனை முதலிற் கண்ட அறிவுக்கு எவரும் விலை கொடுத்ததில்லை, கொடுக்கவும் இயலாது. மேலும், விலையால் தீர்ந்துவிடும் கணக்காயின், விலையேதும் பெறாத அந்தப் பதினாறு குழந்தைகளின் கணக்கு எப்போது தீர்ந்தது?

இரண்டாவது வாதம் இதனினும் உயர்ந்தது. நமது மண்ணின் நெஞ்சுக்கு அணுக்கமானதும் ஆகும். உண்மையான நன்மை பெயரை வேண்டாது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருத்தலே சிறந்த ஈகை என நாம் கற்பிக்கப்பட்டுள்ளோம். மனிதன் இறந்தபின்னும் நின்று நன்மை தருவனவாக நபிமொழி எண்ணும் மூன்றனுள் பயன்தரும் அறிவும் ஒன்று. ஸதகத்துல் ஜாரியா என்னும் நிலையான தருமத்தைப் போன்று அதன் நன்மை செய்தவரை அடைந்தே தீரும். அதற்கு உலகின் புகழ் தேவையில்லை. சுப்பாராவும் இளமையில் துறவு பூண விழைந்தவர், புகழை நாடாதவர். ஆகவே, அவரை மறந்தமையால் அவருக்கு யாது குறை?

இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயின் அது கொடுத்தவரின் பக்கத்திலிருந்து மட்டுமே உண்மையாகும். தன் பெயரை மறைத்தல் கொடுப்பவரின் பெருந்தன்மை. அதையே சான்றாகக் காட்டிப் பெற்றவர் மறந்துவிடுதல் பெருந்தன்மை ஆகாது. ஒருவர் வட்டியின்றிக் கடன் தந்து, தவணையும் குறிக்காது விட்டுவிட்டால், வாங்கியவர் திருப்பித் தரவேண்டியதில்லை என்று எந்த ஊரிலும் எவரும் வாதிடார். ஈகையின் விதி வேறு, பெறுதலின் விதி வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் நட்டம் அடைபவர் எப்போதும் அடக்கமானவரே. அடக்கமில்லாதவர் தம் பெயரைத் தாமே நாட்டிக்கொள்வர்.

மறதியால் விளையும் தீங்கு மறக்கப்பட்டவரோடு நின்றுவிடுவதும் இல்லை. ஹார்வாட்டிற் சுப்பாராவின் உடனிருந்து பயின்றவரும், 1988 இல் நோபெல் பரிசு பெற்றவருமான ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ், அங்கே சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்கள் உரிய காலத்தில் வெளிச்சத்துக்கு வராமையால் பல ஆண்டுகளின்பின் வேறு ஆய்வாளர் அவற்றை மீண்டும் கண்டறிய நேர்ந்தது எனச் சான்று பகர்ந்துள்ளார். ஒருவருடைய உழைப்பு மறைக்கப்படும்போது அவருடைய பெயர் மட்டும் மறைவதில்லை. அவ்வுழைப்பின் பயனும் காலந்தாழ்ந்தே உலகை அடைகின்றது. இடைப்பட்ட ஆண்டுகளிலே நோயாளர் காத்துக்கொண்டிருக்கின்றனர். பெயரை உள்ளபடி கூறுதல் புகழ்ச்சிக்கான சடங்கு எனில் அதனை விட்டுவிடலாம். அது அறிவு பெருகுவதற்கான வழி என்பதால் விட்டுவிட முடியாது.

அவ்வாறாயின் இக்கடனைத் தீர்ப்பது எங்ஙனம்? சுப்பாராவ் 1948 ஆகஸ்டில், தமது ஐம்பத்து மூன்றாம் வயதிலே, பார்பரின் அறிக்கை வெளிவந்த சில வாரங்களில் மறைந்தார். ஒரு பங்கசு இனத்துக்கு அவர் பெயரை இட்டனர். 1995 இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த முத்திரையை வெளியிட்டது. இவை நன்றே. ஆயினும் முத்திரையால் எந்த நோயாளிக்கும் பயனில்லை. இறந்தோருக்குச் செலுத்த வேண்டிய கடனை இருப்போருக்கே செலுத்த முடியும். அதற்கு மூன்று வழிகள் எனக்குத் தோன்றுகின்றன.

முதல் வழி வரலாற்றை உண்மையாகக் கூறுதல். சுப்பாராவை நம்மவர் எனக் கொண்டாடி அவருடன் உழைத்தோரை மறப்போமாயின், அவருக்கு நேர்ந்த அநீதியையே நாமும் பிறருக்கு இழைத்தவராவோம். பம்பாயின் வறிய தாய்மாரை நாடிச்சென்ற லூசி வில்ஸும், லெடர்லி ஆய்வாளரும், பெயரில்லாத குழந்தைகளும் அவ்வரலாற்றில் அடங்குவர். பிறர் உழைப்பை அவர் பெயரோடு எடுத்தாளும் பழக்கத்தை நாம் நமது ஆய்வேடுகளிலும் ஒப்படைகளிலும் தொடங்குதல் வேண்டும். சிறு விடயமெனத் தோன்றினும் அறம் ஒன்றேயாகும்.

இரண்டாவது வழி, கண்டறியப்பட்ட மருந்தை அது வேண்டப்படும் இடத்துக்குக் கொண்டு சேர்த்தல். சுப்பாராவின் ஆய்வுகூடத்திலிருந்து 1947 இல் வெளிவந்த இன்னொரு மருந்தாகிய டைஎதில்காபமசீன் நமது நாட்டின் மேல், தென், வடமேல் மாகாணங்களிலே யானைக்கால் நோயை ஒழிக்கும் இயக்கத்திற் பயன்பட்டது. அந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்தது என 2016 இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. கண்டறிந்தவரின் அறிவும், வீடு வீடாகச் சென்ற சுகாதார ஊழியரின் கால்களும் சேர்ந்து பெற்ற வெற்றி அது. மருந்து விற்பனைப் பண்டமாக மட்டும் இருத்தலாகாது என்ற கொள்கையை இந்நாட்டிலே நிலைநாட்ட முயன்றவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971 இல் உருவாகிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்து, அத்தியாவசிய மருந்துகளைக் குறைந்த விலையில் ஒருங்கே கொள்வனவு செய்யும் முறையை வகுத்தார். 1977 இல் கயானாவிலே பணியில் இருந்தபோது மறைந்தார். அவர் ஒரு புதிய மருந்தையேனும் கண்டறிந்ததற்காக நினைக்கப்படுபவர் அல்லர். பிறர் கண்ட மருந்துகளின் கடனை ஏழைகளுக்குத் திருப்பிச் செலுத்தும் வழியைக் கண்டவர் அவர். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது வைத்தியசாலைகளிற் புற்றுநோய் மருந்துகளுக்கும் தட்டுப்பாடு நேர்ந்தமையை நாம் அனைவரும் அறிவோம். எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே கண்டறியப்பட்ட மருந்தும் கிட்டாது ஒரு நோயாளி திரும்பிச் செல்ல நேருமாயின், அங்கே தோற்றது விஞ்ஞானம் அன்று.

மூன்றாவது வழிக்கு அரசும் வேண்டா, பணமும் வேண்டா. சொரியாசிஸ் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றும் நோயன்று. இது மருத்துவ உலகம் ஐயமின்றி அறிந்த செய்தி. இருந்தும் நம்மூர்க் கலியாண வீடுகளிலே, ஒரு சஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்ணும் வேளையிலே, கையிற் செதில் படர்ந்த ஒருவர் வந்தமர்ந்தால் என்ன நிகழ்கின்றது? எவரும் ஒன்றும் சொல்வதில்லை. ஒருவர் வயிறு நிறைந்துவிட்டதென எழுகின்றார். மற்றவர் வேறு சஹனுக்கு அழைக்கப்பட்டவர்போல் நகர்கின்றார். அடுத்த கலியாணத்துக்கு அந்த மனிதர் வருவதில்லை. ஸலாம் கூறி நீட்டிய கையைப் பற்றத் தயங்குவோரும் உளர். புற்றுநோயைப் பெயர்கூறவும் அஞ்சி 'அந்த நோய்' என ஒதுக்கிப் பேசுவதும் இதனோடு ஒத்ததே. மருந்து தோலைத் திருத்தும். ஒதுக்கப்பட்டவரைச் சபையிற் சேர்க்கும் ஆற்றல் மருந்துக்கு இல்லை. பிழையான சமிக்ஞையைப் பெற்ற நிர்ப்பீடனக் கலம் தன் உடலின் தோலையே பகையெனக் கருதித் தாக்குகின்றது. அறிவு கிட்டியபின்னும் அச்சத்தைக் கைவிடாத சமூகம் தன் உறுப்பினரிடத்து அவ்வாறே நடந்துகொள்கின்றது. கலத்துக்கு அறிவில்லை; ஆதலால் அதன்மீது குற்றமில்லை. நமக்கு அவ்விலக்கு இல்லை.

ஆகவே, பெயர் தெரியாத ஒருவரிடமிருந்து பெற்ற நன்மையும் கடனே என்பதும், கேட்காமலே எடுக்கப்பட்டவர்களிடத்து அக்கடன் இன்னும் கனமானது என்பதும், அது பயன் வேண்டி நிற்போரிடமே செலுத்தற்பாலது என்பதும் இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படும். இம்மூன்று வழிகளுள் முதலாவது கற்றோர்க்குரியது; இரண்டாவது ஆள்வோர்க்கும் அவர்களைத் தேர்வோர்க்கும் உரியது; மூன்றாவது எல்லோர்க்கும் உரியது. எளிதானதும் அதுவே. ஒரு சஹனிலே எழாமல் அமர்ந்திருத்தல் எவராலும் இயலும்.